முன் சீட்டு காலி

கடிதத்தைப் படித்து முடித்தபோது மருந்துக்கடைக்காரருக்குப் பயம் வந்திருக்க வேண்டும். அவருக்கோ சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மனைவி பார்த்துவிடாமல் இருக்க, தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

கார் கம்பெனி அனுப்பிய எச்சரிக்கை அது. ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டின் ஏர்பேக்கில் கோளாறாம். எங்காவது மோதி அது விரிந்தால், கூடவே இரும்புத் துண்டுகளும் முகத்தில் தெறிக்கலாமாம். இலவசமாக மாற்றித் தருகிறோம், அதுவரை அந்த சீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

அந்த சீட்டில் உட்காருபவர் அவருடைய மாமனார்.

மாமனார் முப்பத்திரண்டு வருடம் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஆறடி உயரம், அதற்கேற்ற குரல். வேலையை விட்டு மூத்த மகள் வீட்டோடு வந்துவிட்ட பிறகும் அவர் கால் மட்டும் ஓய்வு பெறவில்லை. சனிக்கிழமைதோறும் இளைய மகள் வீட்டுக்குப் போய்வரும் வழியெல்லாம் இல்லாத பிரேக்கை அழுத்தி அழுத்தி, அந்தப் பக்கத்து ரப்பர் விரிப்பில் குழியே விழுந்திருந்தது.

கியரை மாத்துங்க, கண்ணாடியைப் பாருங்க, அந்த லாரிக்கு வழி விடுங்க என்று வாயும் ஓயாது. வீடு வந்து சேரும்போது மருந்துக்கடைக்காரர் தன் கடைச் சரக்கிலேயே ஒரு தலைவலி மாத்திரையை விழுங்க வேண்டியிருக்கும்.

சாப்பாட்டு மேஜையில் கடிதத்தை உரக்கப் படித்தார். இரும்புத் துண்டு வருகிற இடத்தை இரண்டு முறை படித்தார். மனைவி பதறிப்போய், அப்பா இனிமேல் என்னோடு பின்னால்தான் என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். மாமனார் சரியென்று தலையாட்டினார். கடிதத்தை வாங்கிக் கடைசி வரிவரை படித்துவிட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தார்.

அடுத்த சனிக்கிழமை கார் போனதே தெரியவில்லை. ஒரு திருப்பத்தில் மருந்துக்கடைக்காரர் சிக்னல் போட மறந்துபோனார். அதற்கும் பின்னாலிருந்து சத்தமில்லை. கல்யாணமான புதிதில் முணுமுணுத்த பாட்டு ஒன்று அவர் வாயில் தானாக வந்தது.

பாகம் வந்துவிட்டது, வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று சர்வீஸ் சென்டரிலிருந்து செய்தி வந்தது. அழித்தார். மறுபடி வந்தது, மறுபடி அழித்தார். மனைவி கேட்டபோதெல்லாம், எத்தனை ஆயிரம் வண்டி, நமக்கு முறை வர வேண்டாமா என்று சமாளித்தார். பிறகு அவர்களுக்கே அலுத்துவிட்டது போலும், செய்தி வருவது நின்றுபோயிற்று.

வாரநாட்களில் அவர் கடைக்கு நடந்தே போய்விடுவார், மனைவி பள்ளிக்கூடத்தில் இருப்பாள், கார் வாசலில் சும்மா நிற்கும். ஒரு சனிக்கிழமை ஏறி உட்கார்ந்தால் கால் கிளட்சுக்கு எட்டவில்லை. கார் கழுவ வருகிறவனை மனதுக்குள் திட்டிக்கொண்டே சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார்.

நான்காவது மாதம்தான் மனசாட்சி விழித்தது. இளைய மகள் வீட்டு வாசலில் மாமனார் பின் சீட்டிலிருந்து இறங்கினார். முதலில் ஒரு கால், பிறகு தலை, அப்புறம் ரொம்ப நேரம் கழித்து மீதி உடம்பு. முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு சிரித்தார். மருந்துக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது. என் காது சுகப்பட இந்த மனுஷர் கால் நோக வேண்டுமா?

திங்கட்கிழமை கடையை வேலைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோனார். அங்கிருந்த பெண் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதுக்கு மாத்தியாச்சே சார். மூணு மாசம் ஆச்சு. உங்க வீட்டுலேர்ந்து வந்துதான் மாத்திட்டுப் போயிருக்காங்க."

மனைவிதான், வேறு யார்? ஆக அவளும் வாயைத் திறக்கவில்லை. பெற்ற அப்பாவின் குரல் அவளுக்குமே போதும் போதுமென்று ஆகியிருக்கிறது. புருஷன் நிம்மதியாக ஓட்டட்டும் என்று இத்தனை நாள் மறைத்திருக்கிறாள். நினைக்க நினைக்க அவருக்கு மனசு உருகிப்போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைப் பார்த்து லேசாகக் கண்ணடித்துவிட்டு, பாகம் இன்னும் வரவில்லையாம் என்றார்.

அவளுக்கு வந்ததே கோபம். நாலு மாசமா இதே கதையா, இப்பவே கூப்பிட்டுக் கேட்கிறேன் என்று போனைக் கையில் எடுத்துவிட்டாள். நடிப்பில்லை, நிஜக் கோபம். மருந்துக்கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மாமனார்தான் எழுந்து வந்து போனை மெதுவாக வாங்கி வைத்தார். விடும்மா, வரும்போது வரட்டும் என்று மகளைச் சமாதானப்படுத்தி உள்ளே அனுப்பினார். அவள் போய்விட்டாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தக் குரல் இவ்வளவு தணியும் என்பது மருந்துக்கடைக்காரருக்கு அன்றுதான் தெரிந்தது.

"மாத்தினது நான்தான். வண்டியில கோளாறை வச்சுக்கிட்டு ஓட்டக்கூடாது பாருங்க."

அப்புறம் எதற்கு மாமா காலை மடக்கிக்கொண்டு பின்னால் அவஸ்தைப்பட்டீர்கள் என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர். மாமனார் முட்டியைத் தடவிக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை. நீங்க ஓட்டறதை முன்னாடி உட்கார்ந்து பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை."