நாலு கட்டம்

முள்ளம்பன்றி தினமும் காலையில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குறுக்கெழுத்துப் புதிர் போடும். விடையை யாரும் குழுவில் சொல்லக் கூடாது. முடித்தவர்கள் "முடிச்சாச்சு" என்று மட்டும் எழுதலாம்.

அன்று இரண்டே நிமிடத்தில் அணில் "முடிச்சாச்சு" என்றது. மைனாவுக்கு அது போதவில்லை. "முடிச்சாச்சு. இன்னைக்கு ரொம்பச் சுலபம்!" என்றது. கீரியும் முடித்துவிட்டதாம்.

நத்தைக்கு மட்டும் ஏழாம் குறிப்பு மாலை வரை பிடிபடவில்லை. பேசாமல் குழுவைவிட்டு விலகிவிடலாமா என்றுகூட நினைத்தது. ஆனால் விடை தெரியாமல் போக மனம் வரவில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டது: "ஏழாவதுக்குச் சின்னதா ஒரு துப்பு கொடுங்களேன். எதைப் போட்டாலும் கட்டத்துல அடங்க மாட்டேங்குது."

முள்ளம்பன்றி பதறிக்கொண்டு வந்தது. "ஐயோ, தப்பு என்னோடது! அது அஞ்செழுத்து விடை. நான் நாலு கட்டம்தான் போட்டிருக்கேன்."

நத்தைக்கு நிம்மதியைவிட ஆவல்தான் அதிகமானது.

"அணிலண்ணே, மைனாக்கா, கீரியண்ணே! அந்த நாலு கட்டத்துல நீங்க என்ன போட்டீங்க?"

அணில் ஏதோ எழுதத் தொடங்கி நிறுத்தியது. மைனாவும் அப்படியே. பிறகு காலையில் வந்த மூன்று செய்திகளும் ஒவ்வொன்றாக மாறின.

"இந்தச் செய்தி நீக்கப்பட்டது."