அடியில் ஒரு தாமரை

"என்னப்பா கண்ணாயிரம், இது நீச்சல் குளமா, அரிசி கழுவி ஊத்தற தொட்டியா?"

குளத்தின் விளிம்பில் நின்று ராஜமாணிக்கம் கேட்டார். அண்ணாமலையார் மலைக்குக் கீழே, செங்கம் சாலையிலிருந்து சற்று உள்ளே, தன் வீட்டுக்குப் பின்னால் ஆறு அறைகள் கட்டி வெளிநாட்டவர்களுக்கு விட்டிருந்தார். அந்தத் தெருவில் நீச்சல் குளம் உள்ள ஒரே விடுதி அது. இன்டர்நெட்டில் அவர் போட்டிருந்த படத்தில் தண்ணீர் நீலமாக இருந்தது. அடித்தரையில் ஓடுகளால் பதித்த தாமரையின் எட்டு இதழ்களையும் எண்ணலாம். நேரில் தண்ணீர் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

குளத்தைப் பராமரிக்கும் கண்ணாயிரம் விளிம்பில் குந்தினான். சின்னக் குழாயில் தண்ணீரை மொண்டு சோதனை மருந்து இரண்டு சொட்டு விட்டான். அது ரத்தச் சிவப்பாக மாறியது.

"காரம் ஜாஸ்தி, முதலாளி. நேத்தும் ஆசிட் ஊத்தினேன். சாயங்காலம் தெளியுது, காலைல வந்து பாத்தா மறுபடியும் இப்படி. பில்டரைக் கழுவினா மாவாட்டம் வருது. தரையில சிமெண்டு கரையுதுனு நெனைக்கறேன்."

"சிமெண்டா? இதைக் கட்டினது யாரு தெரியுமில்ல? என் மச்சான் சின்னசாமி. வேங்கிக்கால்ல பாதி வீடு அவன் கட்டினதுதான். ஒண்ணாவது கரைஞ்சிருக்கா?"

"அந்த வீடுங்க தண்ணிக்குள்ள இல்லையே, முதலாளி."

"வாய்ல மட்டும் கலங்கலே இல்ல. தண்ணி ரொப்பின அன்னைக்குத் தாமரை எப்படித் தெரிஞ்சுது! மறுநாள் நீ வந்த. நீ கால் வெச்ச நாள்லேர்ந்துதான் எல்லாம் கெட்டுது."

கண்ணாயிரம் தண்ணீரையே பார்த்தான். எதிர்க் கரையில் மொட்டைத் தலை வெள்ளைக்காரர் ஒருவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாக அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அவரு மட்டும் ஒண்ணும் சொல்லலையே, முதலாளி."

"அவரு தியானம் பண்ண வந்தவரு. ஒண்ணுமே தெரியாம இருந்தாத்தான் நிம்மதியாம். நாளைக்கு எட்டு மணிக்கு வர்ற ஜெர்மன்காரங்க அப்படி இல்லப்பா. படத்தைப் பாத்துட்டுக் குளிக்க வர்றாங்க. தாமரை தெரிஞ்சா நீ இரு. தெரியலன்னா மெட்ராஸ் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுக்கறேன். நீ உன் ஊரு கீழ்பென்னாத்தூருக்கு பஸ்ஸைப் புடி."

சென்னையில் ஒரு ஓட்டலில் ஆறு வருடம் குளம் கழுவியவன் கண்ணாயிரம். மாதத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வந்து, மகள் தன்னை அடையாளம் கண்டு சிரிப்பதற்குள் திரும்பிப் போயிருக்கிறான். சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே, தெரிந்த தொழிலில், இப்படி ஒரு வேலை இன்னொரு முறை வாய்க்காது. இது போனால் மறுபடியும் சென்னைதான்.

அன்று முழுக்க அவன் குளத்தைவிட்டு நகரவில்லை. ஆசிட்டை அளந்து ஊற்றினான். படிகாரம் கரைத்து விட்டான். மோட்டாரை நிறுத்தி, கலங்கல் அடியில் படியும்வரை காத்திருந்து, குழாய் போட்டு உறிஞ்சி எடுத்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தாமரை தெரிந்தது. எட்டு இதழ்கள். மொட்டைத் தலை வெள்ளைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, ஏமாந்த முகத்தோடு எழுந்து போனார்.

"ம்... காலைல பாக்கலாம்" என்றார் ராஜமாணிக்கம்.

கண்ணாயிரத்தின் மனைவி பாஞ்சாலையும் அதே விடுதியில்தான் வேலை பார்த்தாள். விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து வாசல் தெளித்து, கோலம் போட்டு, அறைகளைப் பெருக்குவாள். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அவன் பின்னால் வருவான். திரும்பும்போது மட்டும் இருவரும் சேர்ந்து போவார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கையில் அவள் கேட்டாள்.

"காலைல இப்படியே இருக்குமா?"

"என்னால ஆனதெல்லாம் செஞ்சுட்டேன், பாஞ்சால. இதுக்கு மேல எனக்குத் தெரியல."

"இல்லன்னா?"

"மெட்ராஸ்தான்."

இப்படிப் பக்கத்தில் நடப்பது அவர்களுக்கு இந்த இரண்டு மாதமாகத்தான் கிடைத்திருந்தது. கடைத்தெரு வந்ததும் அவள் நின்றாள்.

"யோவ், நீ போய் பஸ்ல எடம் புடி. ஒரு சாமான் வாங்கிட்டு வந்துடறேன்."

மறுநாள் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஏழரைக்கே வந்துவிட்டான் கண்ணாயிரம். குளத்தருகே ராஜமாணிக்கம் கைகட்டி நின்றிருந்தார்.

தாமரை இல்லை. தரையே இல்லை. இத்தனை நாளில் இல்லாத வெள்ளை. குடம் குடமாகப் பாலைக் கொண்டுவந்து கொட்டியதுபோல இருந்தது. மொட்டைத் தலை வெள்ளைக்காரர் மட்டும் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்து, கண்களில் நீர் மல்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜமாணிக்கம் கத்தவில்லை. அதுதான் கண்ணாயிரத்தை இன்னும் பயமுறுத்தியது.

"உன் பையை எடுத்துக்கப்பா" என்றார். அவ்வளவுதான். வாசலில் வேன் ஒன்று வந்து ஹாரன் அடித்தது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் பின்வாசல் வழியாக வெளியே வந்தான். துடைப்பத்தோடு அங்கே நின்றிருந்த பாஞ்சாலை அவன் முகத்தைப் பார்த்ததுமே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"போச்சா?"

"போச்சு."

அவள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மலை இருந்த பக்கம் திரும்பிக் கோபமாகப் பார்த்தாள்.

"உனக்கு இந்த வேல நெலைக்கணும்னு, நீ சேந்த நாள்லேர்ந்து தெனம் விடியறப்போ ஒரு பொட்டலம் துண்ணூறு அந்தத் தண்ணியில போட்டு வேண்டிக்கிறேன்யா. இன்னைக்குக் கடைசி நாளாச்சேனு ரெண்டு கிலோ கொட்டினேன்... அப்பக்கூட அந்த அண்ணாமலையார் கண்ணத் தொறக்கலையே!"