வெறும் தூக்கு

பெருநாள் முடிந்து நாலு நாளாயிற்று. கமாலுதீன் மரைக்காயர் வீட்டிலிருந்து சேமியாப் பாயசம் வரவில்லை.

"இருபது வருஷப் பழக்கம். ஒரே பெருநாளோட கத்தரிச்சுட்டாரு பாத்தியா?" என்றார் நீலகண்டம் பிள்ளை.

பிள்ளை வீடு சைவம். அதற்காகவே மரைக்காயர் மனைவி ஜொஹரா ஒரு பித்தளைத் தூக்கைத் தனியாக வைத்திருந்தாள். பெருநாளைக்கு அதில் பாயசம் வரும். தீபாவளிக்கு அதே தூக்கு, பிள்ளையின் அம்மா சுட்ட அதிரசத்தோடு திரும்பும். போன தீபாவளிக்குத்தான் போகாமல் அலமாரியிலேயே தங்கிவிட்டது.

"மறந்திருப்பாங்க" என்றாள் வடிவாம்பாள்.

"மறதியா? முந்தாநாள் கடைத்தெருவுல சைக்கிள்ல என்னைத் தாண்டிப் போறாரு, திரும்பிக்கூடப் பாக்கல!"

"கண்ணாடி போடலைன்னா அவருக்கு யானையே தெரியாது. உங்களையா தெரியப் போவுது?"

"அதெல்லாம் இல்லடி. அவரு மவன் சைகோன்ல சம்பாதிச்சு வந்து மாடி கட்டினதுலேருந்தே போக்கு மாறிப்போச்சு. நாளைக்கு மவளுக்கு நிக்காஹ் வெச்சா நமக்குப் பத்திரிகைகூட வராது. எழுதி வெச்சுக்க!"

"நல்லாருக்கு! பாயசத்துல ஆரம்பிச்சு கல்யாணப் பந்தல் வரைக்கும் நீங்களாவே போயிட்டு வந்துட்டீங்க. ஒரு நடை போயி அவரையே கேட்டா என்ன?"

"நான் போயி பாயசம் கேக்கணுமா?"

விருட்டென்று எழுந்தார். அலமாரியிலிருந்த தூக்கை எடுத்தார்.

"இதைக் குடுத்துட்டு வந்துடுறேன். இனிமே அவங்க யாரோ, நாம யாரோ."

வடிவாம்பாள் பதறிப்போனாள். "வெறும் பாத்திரத்தையா திருப்பிக் குடுப்பாங்க? இருங்க, ஒரு பிடி அரிசியாவது போட்டுத் தாரேன்."

"வேணாம். வெறும் தூக்காத்தான் குடுக்கப்போறேன். அப்பத்தான் உறைக்கும்."

கோவில்பத்தும் கடைத்தெருவும் தாண்டி மரைக்காயர் வீடு வரும்வரை மனசுக்குள் அவரோடு சண்டைதான்.

"வாங்க பிள்ளை, வாங்க! உக்காருங்க" என்று வாசலுக்கே வந்தார் மரைக்காயர்.

பிள்ளை உட்காரவில்லை. தூக்கை நீட்டினார்.

மரைக்காயர் மூடியைத் திறந்து பார்த்தார். மறுபடி மூடினார். 'புரிஞ்சுதா?' என்று பிள்ளைக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி.

"ஜொஹரா!" மரைக்காயர் வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார். "நான்தான் சொன்னேன்ல? பிள்ளையோட அம்மா தவறி இன்னும் வருஷம் திரும்பல, தீபாவளியே கொண்டாடாத வீட்டுக்கு இனிப்பு அனுப்பக்கூடாதுன்னு. பிள்ளை கோவிச்சுக்குவாரோன்னு நாலு நாளா தவிச்சியே, பாரு! வெறும் தூக்கை நீட்டி, நீங்க செஞ்சதுதான் சரின்னு வாயைத் திறக்காம சொல்லிட்டாரு மனுஷன்!"

பிள்ளைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"எங்க வீட்டுல துக்கம்னா... நீங்களாவது பாயசம் வெச்சு..."

"நல்லாக் கேட்டீங்க! உங்கம்மா கையால இத்தனை வருஷம் அதிரசம் தின்ன வாயி. இந்தப் பெருநாளைக்கு எங்க வீட்டுலயும் இனிப்பு இல்ல."

அதற்குள் தூக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போன ஜொஹரா, கனத்த தூக்கோடு வந்தாள்.

"வெறுந்தூக்கா திரும்பிப் போகக்கூடாதுண்ணே. அம்மா வருஷத் திதிக்கு ஆகும், பச்சரிசி போட்டிருக்கேன்."