படகுத்துறைத் தூண்

கடலோரக் கொட்டகையில் இரண்டு மூட்டைகள் கிடந்தன. ஒன்று சாதாரண சிமெண்ட், சீக்கிரம் இறுகும். மற்றது இரும்பாலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்ட். மெதுவாக இறுகும், உப்பை லேசில் உள்ளே விடாது.

"படகுத்துறைத் தூணுக்கு நான்தான் போகணும். நம்ம நாட்டு விதியும் சரி, ஐரோப்பா விதியும் சரி, உப்புத் தண்ணின்னா என்னைத்தான் சொல்லுது" என்றது ஸ்லாக்.

"திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சு. தூணைச் சுத்தி அடிச்ச வார்ப்புப் பலகையைச் சீக்கிரம் பிரிக்கணுமாம்" என்றது சாதாரணம், பயந்துகொண்டே. அதைத்தான் தூக்கிப்போனார்கள்.

விழா முடிந்து சில மழைக்காலம் போனது. தூணுக்குள்ளிருந்து கம்பி முனகியது. "உப்பு என்னைத் தின்னுது. தடுக்க மாட்டியா?"

"என்னால ஆகாதுன்னு அப்பவே தெரியும். யார் என்னைக் கேட்டா?" என்றது சாதாரணம்.

கம்பி துருவேறிப் பருத்தது. தூண் வெடித்தது.

"இனிமேலாவது பார்ப்பாங்க" என்றது கம்பி.

பார்த்தார்கள். அடுத்த விழா வந்ததும் வெடிப்பில் அதே சிமெண்டை அப்பி, நீலப் பெயிண்ட் அடித்தார்கள். உயரம் எட்டாததால், ஈரம் பட்டு மூட்டையோடு கல்லாகிப்போன ஸ்லாக்கைத் தூணடிக்குப் புரட்டிவந்து பெயிண்டர் ஏறி நின்றார்.

"ஒருவழியா உன்கிட்ட வந்துட்டேன்" என்றது ஸ்லாக், உள்ளே இருந்த கம்பியிடம்.