மாவிஸுக்குப் பத்து நிமிடம்

அன்று மழை பெய்ததா என்பது இப்போது உறுதியில்லை. கூரைத் தகரத்தில் ஏதோ சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததாகத்தான் நினைவு. மான்செஸ்டர் ஸ்டூடியோவில் மாலை ஆறு அடிக்கப் போகிறது. அட்டைச் சுவர்களால் ஆன சமையலறையின் நடுவே மாவிஸ் த்ரெல்ஃபால் தனியாக நிற்கிறாள். இருபது வருடமாகத் தொலைக்காட்சியில் வீட்டுக்காரம்மா, நர்ஸ், அடுத்த வீட்டுக்காரி வேஷம்தான். இன்றுதான் முதல்முறையாக, கதையில் மகன் செத்த செய்தியைக் கேட்கும் அவள் முகத்தை மட்டும் கேமரா எடுக்க வேண்டும். கதாநாயகனை எடுத்து முடிப்பதற்குள் பொழுது போய்விட்டது. அவன் கிளம்பியும் விட்டான். ஆறுக்கு மேல் வேலை நீள வேண்டுமானால் தொழிலாளர்கள் அத்தனை பேரும் கை தூக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் அவ்வளவுதான்.

"பத்தே நிமிஷம்ப்பா, நம்ம மாவிஸுக்காக," என்கிறார் சங்கத்துக்காரர் நார்மன். கைகள் எழுகின்றன. ஏணிமேல் இருக்கும் விளக்குக்காரர் சிட் மட்டும் கை தூக்கவில்லை.

"இன்னிக்குப் பத்துன்னா நாளைக்குக் கம்பெனிக்காரனுங்க அரை மணி கேப்பானுங்க. தப்பா நினைக்காத, கண்ணு."

"உன் பொண்டாட்டி வறுத்த மீன் ஆறிடும், போய்ச் சேரு," என்கிறாள் மாவிஸ். எல்லோரும் சிரிக்கிறார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. காலையிலிருந்து அவள் சேர்த்துவைத்த அழுகைக்கு இனிப் போக இடமில்லை. மேசைமேல் இருந்த கோப்பையை எடுத்து அலம்பப் போகிறாள். அந்தக் குழாயில் தண்ணீர் வராது.

அந்தக் காட்சி, கதாநாயகனை எடுத்தபோது பதிவான அவள் முதுகைக் காட்டியபடியே ஒளிபரப்பானது. கதாநாயகன் அமெரிக்கா போனான். நார்மனும் சிட்டும் ஓய்வுபெற்றார்கள். மாவிஸ் இன்னும் பல வீட்டுக்காரம்மாக்களாக நடித்துவிட்டு, பிளாக்பூலில் ஒரு முதியோர் இல்லத்தில் இறந்தாள். அந்தச் செய்தியோடு பத்திரிகையில் போடுவதற்கு, கூட்டத்தோடு அவள் நிற்கும் படம் ஒன்றிலிருந்துதான் அவள் முகத்தை வெட்டி எடுத்தார்கள்.