கிட்டாரில் யார் பேர்?

“இது யாரு உபயம், தம்பி?”

அழகுமுத்து இப்படிக் கேட்டதும் நிரோஷனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் கையில் இருந்தது பேஸ் கிட்டார். அதன் தலையில், வெள்ளை மையில், சுழித்துச் சுழித்து ஒரு கையெழுத்து.

“உபயம் இல்லண்ணே. அவரு வெளிநாட்டுல பேஸ் கிட்டாரு வாசிக்கிற பெரிய ஆளு. அவரு கேட்ட மாதிரியே கம்பெனிக்காரன் செஞ்சு, அவரு கையெழுத்தப் போட்டு விக்கிறான்.”

“அப்ப காசு குடுத்தது அவரு இல்லையா?”

“கம்பெனிதான் அவருக்குக் காசு குடுக்கும்.”

“பேரு போட்டுக்கிறதுக்கு அவருக்குக் காசா!” அழகுமுத்து கடைக்காரர் மக்பூல் பக்கம் திரும்பினார். “நான் இத்தன வருஷமா காசு குடுத்துல்ல பேரு போட்டுக்கிட்டு இருக்கேன், மக்பூல் நானா!”

அது சத்தியமான வார்த்தை. பொகவந்தலாவையில் அவர்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மணி, மின்விசிறி, தண்ணீர்த் தொட்டி என்று எதைப் பார்த்தாலும் ‘உபயம்: லொறி அழகுமுத்து’தான். டியூப் லைட்டில் அவர் பேர் போக மிச்சமிருக்கும் இடத்தில்தான் வெளிச்சமே வரும். “அம்மனக் கும்புடப் போனா மொதல்ல அழகுமுத்துவத்தான் கும்புடணும்” என்று நிரோஷன் கூட்டாளிகளிடம் கிண்டலடிப்பான்.

இப்போது அதே லொறி முதலாளியின் தயவில் ஹட்டன் கடையில் வந்து நிற்கிறான். என்ன செய்வது? மலைப் பனியில் ஊறி ஊறி அவனுடைய பழைய கிட்டாரின் கழுத்து வளைந்துவிட்டது. இசைக்குழுவை நடத்துகிற லோஜன் ஈவிரக்கமில்லாமல் சொல்லிவிட்டான்: “திருவிழாவுக்குள்ள வேற கிட்டாரு வரலன்னா வுடு மச்சான். கீபோர்ட்லயே பேஸ் அடிச்சிக்கிறேன்.”

ஒரு தடவை அப்படி அடித்துப் பழகிவிட்டால், அப்புறம் நிரோஷனை யார் தேடப்போகிறார்கள்? இந்தப் பயத்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. விஷயம் காதில் விழுந்து அழகுமுத்துதான் அவன் குடியிருக்கும் லயத்து வீட்டுக்கே வந்து, “கெளம்பு தம்பி, நான் வாங்கித் தர்றேன்” என்றார்.

மக்பூல் இன்னொரு கிட்டாரை எடுத்து நீட்டினார். “மொதலாளி, இதயும் பாருங்க. அதே மரம், அதே கம்பி. கையெழுத்து மட்டும் இல்ல. அதனால வெல பாதிதான்.”

நிரோஷன் இரண்டையும் வாசித்துப் பார்த்தான். அவன் காதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் கை என்னவோ கையெழுத்தை விட மாட்டேன் என்றது.

“சும்மா இருக்கிறதயே எடு தம்பி,” என்றார் அழகுமுத்து. “இந்தா, இந்த எடத்துல செவப்புப் பெயின்ட்ல பளிச்சுன்னு என் பேரப் போட்டுருவோம்.”

நிரோஷனுக்குப் பொறுக்கவில்லை. மேடையில், வயிற்றுக்கு நேராக ‘உபயம்: லொறி அழகுமுத்து’ என்று தொங்கவிட்டுக்கொண்டு நிற்பதா?

“கோவிச்சுக்காதீங்கண்ணே. குடுக்கிறவங்க பேருக்கு ஆசப்படக் கூடாது. பேருக்கு அலைஞ்சா அது தர்மமில்ல, வெளம்பரம்.”

மக்பூல் ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தார். அழகுமுத்துவின் முகம் சுருங்கிப்போனது.

“அப்ப உனக்கு எதுக்குத் தம்பி அந்தக் கையெழுத்து?”

“அது… அது வேறண்ணே.”

அவர் மக்பூல் பக்கம் திரும்பினார். “சரி. தம்பிக்குப் புடிச்சதயே கட்டுங்க நானா. என் பேரு ஒண்ணும் வேணாம்.”

திரும்பி வரும்போது, தன்னால் ஒரு மனிதர் திருந்திவிட்டார் என்று நிரோஷனுக்கு உள்ளூரப் பெருமை. மடியில் கிடந்த கையெழுத்தை வழியெல்லாம் தடவிக்கொண்டே வந்தான்.

திருவிழா அன்று பின்னேரம், மழையும் மூட்டமும் விலகி நின்று கச்சேரிக்கு வழிவிட்டன. புதுக் கிட்டார் உறுமியது. கூட்டம் ஆடித் தீர்த்தது. அன்று வாசித்த மாதிரி நிரோஷன் என்றைக்குமே வாசித்ததில்லை.

முடிவில் லோஜன் மைக்கைப் பிடித்தான். பாட்டுப் பாடிய கிருஷாந்திக்கு நன்றி. டிரம்ஸுக்கு நன்றி. சவுண்ட் செட்காரருக்கு, ஜெனரேட்டர் கொடுத்தவருக்கு, பிளேன்டீ ஊற்றியவருக்குக்கூட நன்றி.

“வணக்கம்!” என்று முடித்துவிட்டான்.

நிரோஷன் கிட்டாரோடு அவன்மேல் பாய்ந்தான். “டேய், என் பேரு எங்கடா?”

“அட, மறந்துட்டேன் மச்சான். வுடு, பேருல என்ன இருக்கு?”

“ஒரு பேரச் சொன்னா ஒனக்கு வாய் வலிக்குமா? ரெண்டு மணி நேரமா இங்க நின்னு வாசிச்சவன் மனுஷன் இல்லையா?” அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அழகுமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையில் ஏறினார். நேராக மைக்குக்குப் போனார்.

பார்த்தாயா, மனிதருக்குத் தாங்கவில்லை! கிட்டார் வாங்கிக் கொடுத்த கதையைச் சொல்லாமல் இன்றைக்கு இவருக்குத் தூக்கம் வராது என்று நிரோஷன் பல்லைக் கடித்தான்.

அழகுமுத்து மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

“ஒரு பேரு விட்டுப்போச்சுங்க. பேஸ் கிட்டாரு வாசிச்சது நம்ம தோட்டத்து நிரோஷன். எல்லாரும் நல்லா கைதட்டுங்க!”

கைதட்டல் கோயிலைத் தூக்கியது. கிட்டாரைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. மைக்கை லோஜனிடம் கொடுத்துவிட்டு இறங்க வந்தவர், நிரோஷன் பக்கத்தில் வந்ததும் நின்றார். அவன் தோளைத் தட்டிக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“லொறியில கிளீனரா இருந்த காலத்துல எனக்குப் பேரே கெடையாது தம்பி. எல்லாருக்கும் நான் ‘டேய்’தான்.”