பூ தங்காத முந்திரி

நட்டு மூன்று வருஷம் ஆகியும் மொட்டை மாடித் தொட்டியில் இருந்த முந்திரி காய்க்கவில்லை. இந்தத் தடவையும் பூத்த பூவைக் காணோம். மாமனாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையிலிருந்து ஏழு தடவை படி ஏறி இறங்கியவர், கடைசியில் நர்சரிக்காரரையே வீட்டுக்கு வரவழைத்துவிட்டார்.

"வெயில் தாங்கலையா? இல்ல தொட்டி பத்தலையா?"

நர்சரிக்காரர் ஒரு காம்பைத் திருப்பிப் பார்த்தார். "ரெண்டும் இல்லய்யா. யாரோ நகத்தால கிள்ளியிருக்காங்க."

அவர் மகன் சட்டென்று தன் மனைவியைப் பார்த்தான். இந்தத் தொட்டியால் மாடியெல்லாம் எறும்பு என்று தினமும் முணுமுணுப்பவள் அவள்தான்.

"நீயா?"

"நான்தான்."

"அப்பா இதைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறாரு. உனக்கு மனசே இல்லையா?"

"அத்தை போனப்புறம் இங்க வந்து இதை நட்ட அன்னிக்கு மாமா என்ன சொன்னாரு தெரியுமா? 'இந்தக் கன்னு காய்க்கிற வரைக்கும்தாம்மா இங்க இருப்பேன், அப்புறம் பெரியவன் வீட்டுக்குப் போயிடுவேன்'னாரு. இவர் வந்தப்புறம்தாங்க இந்த வீட்டுல 'சாப்பிட்டியா'ன்னு என்னைக் கேக்க ஒரு ஆள் இருக்கு. எப்படிங்க அனுப்புவேன்?"

மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

மாமனார் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "உனக்குப் பாரமாயிடக் கூடாதேன்னுதாம்மா அப்படிக் கெடு வச்சேன்."

மேல்துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டு நர்சரிக்காரர் பக்கம் திரும்பினார்.

"தொட்டியில வளர்ற மரத்துல, காய்க்க ரொம்ப வருஷம் ஆகிறதாப் பார்த்து இன்னொண்ணு கொண்டு வாங்க."